அரிசி வாளியில் வந்த டாலர் அம்மன்

ஜூலை 16, ஞாயிறு

இன்று காலை சாமி மேடைக்கு முன்னால் நின்று, கற்பூரம் எரிய எரிய, இனிமேல் எனக்குப் புதிதாக எந்தப் பைத்தியமும் பிடிக்காது என்று சத்தியம் செய்தேன். செய்ய வைத்தவள் என் மனைவி லோகா. "சத்தமா சொல்லுங்க. அம்மனுக்குக் கேக்கணும்" என்றாள். பக்கத்து வீட்டு சுசிலாவுக்கே கேட்டது.

எல்லாம் நேற்றைய கூத்தால் வந்தது. என் மகள் தேவமலரும் கிருபாகரனும் படிக்கும்போதே ஒருவருக்கொருவர் பிடித்துப்போனவர்கள். கிருபாவின் அப்பா நாகலிங்கம் நேற்று தைப்பிங்கிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். நில அளவை இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் உட்கார்ந்து சுவர், கூரை, நான் என்று எல்லாவற்றையும் கண்ணால் அளந்தார். வாயைத் திறக்கவில்லை. லோகா கொடுத்த கோப்பியைக் குடிக்கத்தான் திறந்தார்.

அப்போது என் பந்தயப் புறா ஒன்று ஜன்னல் வழியாக வந்து அவர் தோளில் உட்கார்ந்தது. உட்கார்ந்ததோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நான் இன்று சத்தியம் செய்திருக்க வேண்டியதில்லை.

அவர் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆடி முடியட்டும்" என்றார். போய்விட்டார். இரண்டே வார்த்தை. சம்மதமா இல்லையா என்பது அதற்குள் எங்கேயும் இல்லை.

லோகா என் பாவப் பட்டியலை வாசித்தாள். முதலில் போன்சாய் மரம். மரம் குள்ளமாகவில்லை, செத்தது. அடுத்து லோஹான் மீன். நெற்றியில் பெரிய புடைப்போடு பிறந்த அதற்கு 'டத்தோ' என்று பெரிய மனிதர் பட்டத்தையே பெயராக வைத்தேன், அதுவும் ஒரு தீபாவளிக்கு முதல் நாள் காலமானது. இப்போது புறா. "ஒம் பேரு சன்னாசின்னு வச்ச உங்கப்பாவக் கேக்கணும்" என்றாள். கோபம் வந்தால் மரியாதை போய்விடும்.

புறாக்களை மாலையில் என் தம்பி வந்து கூண்டோடு தூக்கிப் போனான்.

ஜூலை 18, செவ்வாய்

பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். மலர் வேலைக்குப் போகும் உடையில் வந்து நின்றாள்.

"அப்பா, அவங்கப்பா சரின்னு சொல்லாம கிருபா தாலி கட்ட மாட்டாரு. நானும் அப்படிக் கட்டிக்க மாட்டேன்."

"புறாவுக்கு மன்னிப்புக் கேட்டுப் பாக்கட்டா?"

"அவருக்குக் கோவம் இல்லப்பா. அவர் யார்கிட்டயும் பேச மாட்டாரு. அந்த வீடே லைப்ரரி மாதிரி இருக்கும். எனக்கு அதுதான் பயமா இருக்கு. நம்ம வீட்டுல பொறந்துட்டு அங்க எப்படி இருக்கப்போறேன்?" பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு விஷயத்துக்கு மட்டும் வாயத் தொறப்பாராம். பழைய வெள்ளி டாலர். அந்தக் காலத்துல வியாபாரத்துக்குன்னே அடிச்சது. அதச் சேத்து வைக்கிறாராம். அதப் பத்தி யாராச்சும் பேசினா சாப்பாட்டக்கூட மறந்துடுவாராம்."

"அதுக்கு?"

"உங்களுக்கு ஒரு பைத்தியம் புடிக்க எவ்ளோ நாளாகும்?"

"சத்தியம் பண்ணியிருக்கேன்மா."

"அம்மாகிட்டதானே?"

"அம்மன்கிட்ட."

மலர் கொஞ்சம் யோசித்தாள். "அம்மன் சொல்லாது" என்றாள்.

மகளுக்காக ஒரு தகப்பன் செய்யும் தியாகம் என்று இதை இங்கே எழுதி வைக்கிறேன். பின்னால் யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்ப வேண்டாம்.

ஜூலை 23, ஞாயிறு

ஈப்போ ஞாயிற்றுச் சந்தை. லோகாவிடம் பஸ்ஸுக்கு வைப்பர் வாங்கப் போவதாகச் சொன்னேன்.

பழைய கடிகாரம், உடைந்த ரேடியோ, யாரோ ஒருவருடைய கல்யாணப் படம். அதற்கு நடுவே ஒரு வாலிபன் துணி விரித்துக் காசு பரப்பியிருந்தான். வெள்ளி டாலர் என்றதும் தட்டு நிறைய அள்ளிக் காட்டினான். எல்லாமே நேற்று அடித்தது போலப் பளபளத்தன. நூறு வருஷத்துக் காசை எவ்வளவு நன்றாகப் பாதுகாத்திருக்கிறார்கள் என்று மெய்சிலிர்த்து ஒன்றை வாங்கினேன்.

வைப்பர் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 24, திங்கள்

மலர் இணையத்தில் படித்துவிட்டு வந்து, "அப்பா, நல்ல வெள்ளின்னா காந்தத்துல ஒட்டாதாம்" என்றாள். ஐஸ்பெட்டிக் கதவில் லோகா ஒட்டி வைத்திருக்கும் காந்த வாழைப்பழத்தைக் காசுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். காசு துள்ளி எழுந்து வாழைப்பழத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

மலர் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சத்தம் கேட்டு லோகா வந்ததும் வாழைப்பழம் எவ்வளவு அழகு என்று பேசிக்கொண்டிருந்தோம்.

ஜூலை 30, ஞாயிறு

இன்று நான் ஒரு பெண்ணைப் பார்த்தேன். மலருக்கு மட்டும்தான் சொன்னேன்.

சந்தையின் கடைசியில், மழைநீர்க் கால்வாய் ஓரமாக ஆ குவான் என்று ஒரு சீனப் பெரியவர் கடை போட்டிருக்கிறார். ரப்பர் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவராம், நம்மைவிட வேகமாகத் தமிழ் பேசுகிறார். நான் சட்டைப்பையிலிருந்து காந்த வாழைப்பழத்தை எடுத்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏமாந்துட்டியா தம்பி? பரவால்ல. மொத காசு எல்லாருக்கும் அப்படித்தான். இப்ப காதக் குடு."

ஒரு கறுத்த காசை எடுத்தார். விரல் நுனியில் நிறுத்தி வைத்து, இன்னொரு காசால் ஓரத்தில் மெல்லத் தட்டினார்.

அந்தச் சத்தத்தை எழுத எனக்குப் படிப்புப் போதாது. கோயில் மணியைத் தூரத்தில் கேட்டால் கடைசியில் ஒரு இழை மிஞ்சும் இல்லையா, அந்த இழை மட்டும் தனியாக வந்தது போல இருந்தது. அடங்கிவிட்டது என்று நினைத்தேன், அடங்கவில்லை. என் போலிக் காசையும் தட்டிப் பார்த்தார். தகர டப்பா மூடி.

பிறகு காசைக் கையில் கொடுத்தார். கனம். உள்ளங்கையை நிறைத்துக்கொண்டது. ஒரு பெண் நிற்கிறாள். தலையில் கவசம், வலது கையில் சூலம், இடது கை கேடயத்தின் மேல். பின்னால் கடலில் ஒரு குட்டிக் கப்பல் போகிறது. கீழே 1908. சூலத்தின் நடுமுள்ளில் எறும்புக் கண் அளவுக்கு ஒரு ஆங்கில 'பி'. பம்பாயில் அடித்ததற்கு அடையாளமாம். பூதக்கண்ணாடியில் அதைக் கண்டுபிடித்ததும் நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். திருப்பினால் சீனத்திலும் மலாயின் ஜாவி எழுத்திலும் ஒரு டாலர் என்று எழுதியிருக்கிறது. பம்பாயில் பிறந்து, வெள்ளைக்காரப் பெண்ணைச் சுமந்துகொண்டு, சீனமும் மலாயும் பேசி, ஈப்போவில் வந்து ஒரு பஸ் டிரைவர் கையில் உட்கார்ந்திருக்கிறது. நான் கோலாலம்பூர் தாண்டிப் போனதில்லை.

கப்பலுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாய்க் குத்தியிருந்தது. "இது அடிபட்ட காசா?" என்றேன்.

"அடியில்ல தம்பி, அது சாப்பா. பழைய காலத்துத் தவுக்கே, அதான் கடை முதலாளி, எவனையும் நம்ப மாட்டான். வெள்ளியத் தட்டிப் பாப்பான், நிறுத்துப் பாப்பான். நல்லதுன்னா தன் முத்திரைய ஒண்ணு அடிச்சு விடுவான். 'நான் பாத்துட்டேன், ஏத்துக்கலாம்'னு அர்த்தம்."

எனக்கு நாகலிங்கம் ஞாபகம் வந்தது. அவரும் வந்து, தட்டிப் பார்த்து, நிறுத்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். முத்திரைதான் இன்னும் அடிக்கவில்லை.

நாம் ரிங்கிட்டை 'வெள்ளி' என்று சொல்கிறோமே, பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று, அது ஏன் என்று இந்த வயது வரை நான் யோசித்ததில்லை. காகிதத்தை ஏன் வெள்ளி என்கிறோம்? இதனால்தான் இருக்கும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

காசை விலைக்கு வாங்கிக்கொண்டு கிளம்பும்போது ஆ குவான் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "தேய்க்காத. அந்தக் கறுப்புதான் அதோட வயசு. தேய்ச்சா செத்துடும்."

"சத்தியமா தேய்க்க மாட்டேன்" என்றேன். இந்த மாதம் சத்தியத்துக்குப் பஞ்சமில்லை.

காசை அரிசி வாளிக்குள், அடியாழத்தில், கைக்குட்டையில் சுற்றிப் புதைத்து வைத்தேன். புது மூட்டை கொட்டிய வாளி. அடுத்த மாதக் கடைசி வரை அடி தெரியாது.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டேன். எவர்சில்வர் தட்டு சுமார். லோகாவின் குத்துவிளக்கு நன்று. பஸ் கண்ணாடி மோசம். சாப்பிடும்போது கரண்டியால் டம்ளரைத் தட்டிக் காதில் வைத்ததை லோகா பார்த்துவிட்டு, காதில் அடைப்பா என்று கேட்டு எண்ணெய் ஊற்றினாள். சும்மா படுத்து ஊற்றிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 2, புதன்

மலர் தன் அலமாரியைப் பிரித்து, எடுத்துப் போவது, போடுவது என்று இரண்டு குவியலாகப் போட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் சம்மதமே வரவில்லை, அதற்குள் என்ன அவசரம் என்று கேட்க நினைத்தேன். போய் பஸ் டயருக்குக் காற்றுப் பார்த்தேன். காற்று சரியாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 4, வெள்ளி

பஸ்ஸில் காலை நடை முடித்து வந்தேன். வாசலிலேயே சாம்பிராணி வாசம். உள்ளே மணிச் சத்தம்.

"என்னங்க! சீக்கிரம் வாங்க! அம்மா வந்திருக்கா!"

"கிள்ளான்லருந்தா? சொல்லாம கொள்ளாமயா?" என்றேன். என் மாமியார் கிள்ளானில் இருக்கிறார்.

"ஐயோ, எங்கம்மா இல்ல. அம்மன்! ஆடி வெள்ளி பொங்கலுக்கு அரிசி அள்ளினேன். சுசிலா வீட்டுக்கும் சேத்துப் பொங்கல் வைக்கலாம்னு ஆழமா கைய விட்டேன். வந்தா பாருங்க, கையில!"

சாமி மேடையில், மாரியம்மன் படத்துக்கு முன்னால், வெற்றிலை மேல் என் 1908 நின்றுகொண்டிருந்தது. நெற்றியில் குங்குமம். கேடயத்தில் சந்தனம். சூலத்தில் ஒரு எலுமிச்சம்பழம் சாய்த்து வைத்திருந்தாள்.

"சூலத்தப் பாருங்க. கிரீடத்தப் பாருங்க. பாவம், கறுத்துக் கிடந்தா. புளி போட்டு, திருநீறு போட்டு, நல்லா அழுத்தித் தேய்ச்சேன். இப்ப எப்படி ஜொலிக்கிறா!"

ஜொலித்தது. நூறு வருஷக் கறுப்பு எங்கள் வீட்டுச் சாக்கடையில் போய்விட்டது.

அது அம்மன் இல்லை, நான் வாங்கி ஒளித்து வைத்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். எந்த மேடைக்கு முன்னால் சத்தியம் செய்தேனோ அதே மேடை. எந்தக் கற்பூரத் தட்டோ அதே தட்டு. லோகா அதை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கண் கலங்கியது. லோகாவுக்கு ரொம்பத் திருப்தி.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

சுசிலா வாயில் விழுந்த விஷயம் எங்கள் குடியிருப்புத் தாமான் முழுக்கப் பரவிவிட்டது. பின் வரிசை வீட்டு அக்கா பால் கொண்டுவந்தார். முன் வரிசைப் பெண்கள் மாவிளக்கு. ஆளாளுக்கு மஞ்சள் நீர், பன்னீர். ஒவ்வொரு அபிஷேகத்துக்கும் நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். லோகா ஒவ்வொரு தடவையும் துடைத்து, இன்னும் கொஞ்சம் தேய்த்து வைக்கிறாள்.

மலர் அறைக்குள் போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிக்கிறாள். "அம்மன் சொல்லாதுன்னு சொன்னேன்லப்பா. வந்தே நின்னுடுச்சு" என்கிறாள்.

ஆகஸ்ட் 9, புதன்

தனியாக இருந்தபோது மேடையிலிருந்து காசை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். சத்தம் அப்படியே இருக்கிறது. அதைத் தேய்க்க முடியவில்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ஆ குவானிடம் போய்ச் சொன்னேன். புளி என்றதும் நெஞ்சில் கை வைத்தார். திருநீறு என்றதும் ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு, "உன் பொஞ்சாதி எங்கம்மா மாதிரியே" என்று சொல்லிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பால் விடாத கொப்பி-ஓ வாங்கிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 19, சனி

ஆடி முடிந்தது. நாளை நாகலிங்கம் குடும்பத்தோடு வருகிறார். பதில் சொல்லவாம்.

பிரச்சினை இதுதான். அந்த மனிதர் வெள்ளி டாலரில் ஊறியவர். மேடையைப் பார்த்ததும் அது என்ன என்று தெரிந்துவிடும். தெரிந்ததைச் சொன்னால் லோகாவுக்குத் தாமான் முழுக்க அவமானம். சொல்லாமல் போனாலும், அம்மன் என்று ஆங்கிலக் காசுக்குப் பொங்கல் வைக்கும் குடும்பத்தில் பெண் எடுப்பாரா? புறாவுக்கே ஒரு மாதம் வாய்தா கேட்டவர்.

காசை ஒளித்து வைத்துவிடலாம் என்று மெல்ல மேடை பக்கம் போனேன். "கைய வச்சீங்க..." என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அவளுக்கு முதுகில் கண்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பத்து மணிக்கு வந்தார்கள். நாகலிங்கம், அவர் மனைவி, கிருபா. நாகலிங்கம் இந்த முறை சாம்பல் நிறச் சட்டை. முன்னெச்சரிக்கை. உட்காரும் முன் கூரையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"புறா இல்லீங்க. குடுத்துட்டேன்" என்றேன்.

தலையை ஆட்டினார்.

லோகா எழுந்தாள். "மொதல்ல அம்மனக் கும்பிட்டுட்டு வந்துடுங்க சம்பந்தி. நம்ம வீட்டுக்கு அரிசியில வந்தவ." சம்மதம் வரும் முன்பே சம்பந்தி என்று கூப்பிட்டுவிட்டாள். வாசலில் சுசிலாவும் இன்னும் நாலு பேரும் எப்படியோ வந்து நின்றுவிட்டார்கள்.

அவர் மேடைக்கு முன்னால் போய் நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முதுகு மெல்ல விறைத்தது. என் மகளின் வாழ்க்கை அந்த முதுகில் இருந்தது. மலர் கதவோரம் தாவணி நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "புளியா?" என்றார்.

"புளியும் திருநீறும்" என்றேன், நானும் உதடு அசையாமல்.

கண்ணை மூடிக்கொண்டார். கைகள் தாமாகக் குவிந்தன. இமை ஓரத்தில் ஒரு சொட்டு வந்து நின்றது.

"பாருங்கடி, அம்மனப் பாத்ததும் எப்படி உருகுறாரு!" என்றாள் சுசிலா. "இப்படி ஒரு பக்திமான் சம்பந்தியா கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்."

"எந்த வருஷம்?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு."

"சூலத்து நடுவுல 'பி' இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. இப்ப குங்குமம் இருக்கு."

"சாப்பா?"

"கப்பல் பக்கத்துல மூணு. ஒண்ணு பூ மாதிரி. அதுக்கு மேலதான் சந்தனம் வச்சிருக்கா."

அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நாங்கள் மந்திரம் சொல்கிறோம் என்று நினைத்து லோகா மணியை எடுத்து அடிக்க ஆரம்பித்தாள்.

மணி நின்றதும் நாகலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம்.

"அபூர்வமான அம்மன்" என்றார். "நல்லா வச்சிருக்கீங்க தங்கச்சி."

பிறகு என்னிடம், "உங்க பஸ்ஸக் காட்டுங்க" என்றார்.

இரண்டு பேரும் வெளியே போய் பஸ்ஸில் ஏறினோம். கதவைச் சாத்தியதும் அந்த மனிதர் டிரைவர் சீட்டுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல், தோள் மட்டும் குலுங்க. நானும் சிரித்தேன். பள்ளிப் பிள்ளைகள் மாதிரி இருந்தோம்.

"எங்க ஒளிச்சு வச்சீங்க?"

"அரிசி வாளி."

"யாராச்சும் அரிசியில வைப்பாங்களா? நான் மைலோ டின்னுல வச்சிருக்கேன். மேல ஒரு படி திருகாணி. பதினாலு வருஷமா எங்க வீட்ல திருகாணின்னே நெனச்சுக்கிட்டு இருக்கா."

அப்புறம் பேசினார். தட்டிக் கேட்பது பற்றி, பூ சாப்பா பற்றி, ஜப்பான்காரன் அடித்த டாலரில் சுருண்டு கிடக்கும் டிராகன் பற்றி, முதலில் ஏமாந்து வாங்கிய போலியை இன்னும் மேசையில் காகிதம் பறக்காமல் வைத்திருப்பது பற்றி. நான் காந்த வாழைப்பழத்தைச் சொன்னேன். மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டார். லோகா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். எங்களுக்குக் கேட்கவில்லை.

இறங்கும்போது நான்தான் கேட்டேன். "அப்போ... பிள்ளைங்க விஷயம்?"

"அது அன்னிக்கே சரிதானே" என்றார். "ஆடி பொறக்கப் போகுது, அதுல பேசக் கூடாதேன்னுதான் ஆடி முடியட்டும்னேன்."

புறாவை வீணாகக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

மலர் பாடிக்கொண்டே வேலைக்குப் போனாள். எனக்கும் ரொம்ப சந்தோஷம். பஸ்ஸில் பின் சீட்டைக் கழுவினேன். டிரைவருக்குப் பின் சீட்டு. மலர் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை உட்கார்ந்த சீட்டு, அவ்வளவுதான். அழுக்காக இருந்தது, கழுவினேன்.

ஆகஸ்ட் 26, சனி

நாளை நிச்சயம். லோகா தட்டு வரிசை அடுக்கிக்கொண்டிருந்தாள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், சேலை. நடுத்தட்டில், மஞ்சள் துணி மேல், என் 1908.

"அது எங்க போகுது?" என்றேன்.

"மலரோட போகுது."

நிச்சயத் தட்டில் ஏறியது திரும்பி வராது. கேட்பதும் கூடாது. இனிப் பொறுக்க முடியாது என்று தோன்றியது. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வைப்பர், வாழைப்பழம், ஆ குவான், வாளி. லோகா ஒரு தேங்காய்க்கு மஞ்சள் பூசி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எனக்கு ஒன் டாலர்னு படிக்கத் தெரியாதா?"

குனிந்து காசைப் பார்த்தேன்; பெண்ணுக்கு இரு பக்கமும் ஆங்கிலத்தில் அதேதான் எழுதியிருந்தது.

"தேய்க்க ஆரம்பிக்கிறப்ப அம்மன். பாதி தேய்க்கிறப்ப ஒன் டாலர். உங்க கர்ச்சீப்புல வேற சுத்தியிருந்துச்சு."

"அப்புறம் ஏன்டி மிச்சத்தையும் தேய்ச்ச?"

"பாதி வெளுத்து பாதி கறுத்து விடுறதா? பாக்க நல்லாவா இருக்கும்?"

"ஊரே வந்து கும்பிட்டுச்சே!"

"கும்பிட்டா என்ன? சூலத்தோட ஒரு பொம்பள நிக்கிறா. நான் மனசார அம்மன்னு நெனச்சுத்தான் வெளக்கு ஏத்தினேன். எம்பிள்ளைக்கு நல்ல பதில் வரணும்னு வேண்டினேன், வந்துச்சு. உங்க சத்தியம் எப்ப வாயத் தொறக்குதுன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." அடுத்த தேங்காயை எடுத்தாள். "அந்த மனுஷன் இதப் பாத்துத்தான் வாயத் தொறந்தாரு. இது அந்த வீட்டுல இருக்கட்டும். புள்ளைக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் கெடைக்கும்."

வைப்பர் எங்கே என்று கேட்டாள். அதை மட்டும் இன்னும் வாங்கவில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. தட்டு மாற்றும்போது நான் ஒரு பக்கம், நாகலிங்கம் ஒரு பக்கம். அவர் தட்டைப் பிடித்தார், நான் விடவில்லை. லோகா இடுப்பில் குத்தினாள். அப்போதும் விடவில்லை. "சம்பந்தி" என்று அவர் மெல்லச் சொன்னார். விட்டேன்.

காசைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் கை நின்றுவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்டோபர் 22, ஞாயிறு

கல்யாணம். சாம்பார் போதவில்லை. மற்றபடி எல்லாம் சரி.

அக்டோபர் 23, திங்கள்

வீட்டில் எதைத் தட்டினாலும் நன்றாகக் கேட்கிறது. அவ்வளவு அமைதி.

அக்டோபர் 27, வெள்ளி

சம்பந்தி போன் செய்தார். அவர் போன் செய்வதே ஒரு அதிசயம் என்று கிருபா சொன்னானாம். "சாமி அறையில நல்லா நிக்கிறா. எங்க வீட்லயும் புளி எடுத்தாங்க, நான் கையப் புடிச்சுத் தடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுப் போங்க" என்றார்.

கல்யாணம் முடிந்த ஒரே வாரத்தில் பெண் கொடுத்த வீட்டில் போய் நிற்பது அழகில்லை. ஆனால் இது காசு விஷயம். லோகா தானும் வருவதாகச் சொல்லி, பிறகு, "நீங்க மட்டும் போய்ட்டு வாங்க, ரெண்டு பேரும் போனா ஒரு மாதிரி இருக்கும்" என்று முறுக்கு சுட ஆரம்பித்தாள்.

அக்டோபர் 29, ஞாயிறு

தைப்பிங் போய் வந்தேன். போகும்போது மழை. வைப்பர் புதிது.

வீட்டுக்குள் நுழைந்ததும் லோகா கேட்டாள். "எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. கொஞ்சம் இளைச்ச மாதிரி எனக்குத் தெரிஞ்சுது, இல்லவே இல்லைங்குறா. நீ குடுத்த பச்சைச் சேலைதான் கட்டியிருந்தா. மத்தியானம் அவளே மீன் கறி வச்சா, புளி கொஞ்சம் தூக்கல், நான் சொல்லல. அந்த வீடு லைப்ரரின்னா பாரு, நான் உள்ள போறப்ப அவளும் சம்பந்தியும் ஏதோ ஒரு முத்திரைய வச்சு சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. இவ பூங்குறா, அவரு நண்டுங்குறாரு. நான் கெளம்பறப்ப பஸ்ஸு வரைக்கும் வந்தா. ஏறி, பின் சீட்டுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எறங்கினா. சும்மாதான்."

லோகா முறுக்கு டின்னை மூடிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"நான் அம்மனக் கேட்டேன்" என்றாள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சாமி அறைப் பக்கமே நான் போகவில்லை.

அவ்வளவு தூரம் டீசல் செலவழித்துப் போய்விட்டு, காசைப் பார்க்காமல் வந்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு மறுபடியும் போகத்தான் வேண்டும்.